எல்லையில் ஆங்கிலம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சொற்பிழைகளும் அவற்றின் வேர்களும்

ஆங்கிலம் கற்போர் செய்யும் சொற்பிழைகளைத் தொகுத்துத் திருத்தும் நூல்கள் இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெளிவந்துகொண்டிருந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை எது பிழை என்று காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் அப்பிழை ஏன் தோன்றியது, தலைமுறை தாண்டி ஏன் நிலைத்தது என்னும் வினாக்களுக்குள் அவை செல்வதில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரம் இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். ஏனெனில், இரு மொழிகளுக்கும் பொதுவான பிழை எது, ஒன்றுக்கு மட்டும் உரிய பிழை எது, எம்மொழியையும் சாராமல் கற்றல் முறையிலிருந்தே எழும் பிழை எது என்பதை இங்கு அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது.

வட்டாரத்தின் மொழிப் பின்புலம்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று, வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இம்மாவட்டம் அதனுள் அடங்கியது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைச் சிக்கல் குறித்த படாஸ்கர் பரிந்துரைக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வர, சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர மக்கள் இடம் மாறவில்லை. ஆகவே நகரி, குப்பம், சத்தியவேடு, சித்தூர் நகரம் ஆகிய இடங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி, இரண்டுக்கும் மேலாக ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் இன்றும் உள்ளனர்.

ஆங்கிலக் கல்வியும் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில் 1915இல் தொடங்கப்பட்ட கல்லூரியில்தான் தாகூர் 1919இல் தங்கி, ‘ஜன கண மன’ பாடலின் ஆங்கில வடிவத்தை ஆக்கினார். 1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும், 2015இல் திருப்பதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தொடங்கப்பட்டன. அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற 2019 நவம்பரில் ஆந்திர அரசு பிறப்பித்த ஆணைகளை 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நீக்கியதிலிருந்து, ஆங்கிலம் இங்கு பாடப்பொருளாக மட்டுமின்றி அரசியல் வழக்காகவும் இருப்பது விளங்கும்.

பிழையைப் பற்றிய சிந்தனை வளர்ந்த வரலாறு

இந்தியர் ஆங்கிலத்தை ஆராய்ந்த தொடக்க முயற்சிகள் இரு திசைகளில் சென்றன. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, சத்திரத்தைக் குறிக்கும் ‘சவுல்ட்ரி’, சிற்றுண்டியைக் குறிக்கும் ‘டிஃபின்’ போன்ற சொற்களை ஆங்கிலத்தின் இந்தியச் செல்வமாகப் பதிவு செய்தது. பம்பாய் ஆட்சிப் பணியிலிருந்த விட்வொர்த் 1907இல் வெளியிட்ட ‘இந்தியன் இங்கிலிஷ்’ என்னும் நூலோ, இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளைத் தேடித் திருத்தியது. ஒரே மொழி வழக்கு ஒருவர்க்குச் செல்வமாகவும் மற்றவர்க்குக் குற்றமாகவும் தோன்றிய இம்முரண் இன்றுவரை தீரவில்லை.

பின்னர் மொழியியல் இச்சிக்கலைத் தன் கையில் எடுத்தது. 1957இல் இராபர்ட் லாடோ, தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டால் இடர்ப்பாடுகளை முன்கூட்டியே அறியலாம் என்றார். 1967இல் பிட் கார்டர், அவசரத்தில் நேரும் வாய்தவறலையும், கற்பவர் மனத்தில் உருவாகியுள்ள விதியிலிருந்து முறையாக எழும் பிழையையும் பிரித்து, பின்னது கற்றல் நடைபெறுவதற்கான சான்று என்று காட்டினார். 1972இல் செலிங்கர், தாய்மொழியாகவும் இலக்கு மொழியாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே கற்பவர் தாமே கட்டிக்கொள்ளும் அமைப்பை இடைமொழி என்று அழைத்தார். அவ்வமைப்பு வளராமல் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதே இறுகிப்போதல் எனப்பட்டது. பிரஜ் கச்ரு, இந்திய ஆங்கிலம் தனக்கென மரபுகள் கொண்ட ஒரு வகை என்றும் அதன் தனித்தன்மைகள் அனைத்தையும் பிழை என்று தள்ளலாகாது என்றும் வாதிட்டார். இந்நான்கு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், இவ்வட்டாரத்துப் பிழைகளை வகைப்படுத்த நான்குமே தேவைப்படுகின்றன.

திரும்பிச் செல்லும் கடன்சொற்கள்

முதல் வகை, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தெலுங்குக்கும் வந்து, இங்கு வேறு பொருள் ஏற்று, மீண்டும் ஆங்கில வாக்கியத்துக்குள் அப்புதுப்பொருளோடு நுழையும் சொற்களாகும். வடிவத்தால் ஆங்கிலமாகவும் பொருளால் உள்ளூர்ச் சொல்லாகவும் இருப்பதால், பேசுபவர்க்கு ஐயமே எழாது. எனவே பிழைகளுள் இவையே மிகவும் மறைந்திருப்பவை. உணவு தரும் கடையை ‘ஹோட்டல்’ என்பதும், அதில் பரிமாறுபவரைச் ‘சப்ளையர்’ என்பதும், வீட்டின் பின்புறத்தைப் ‘பேக்ஸைட்’ என்பதும் இத்தகையவை. ஆங்கிலத்தில் முதற்சொல் தங்கும் விடுதியையும், இரண்டாவது சரக்கு வழங்கும் வணிகரையும், மூன்றாவது பெரும்பாலும் மனித உடலின் பிட்டத்தையும் குறிக்கும்.

அரிசிக் கடையிலும் இவ்வகைச் சிக்கல் உண்டு. புழுங்கல் அரிசி இங்கு ‘பாயில்டு ரைஸ்’ என்றும் பச்சரிசி ‘ரா ரைஸ்’ என்றும் வழங்குகின்றன. வெளிநாட்டார்க்கோ முன்னது வெந்த சோறு, பின்னது வேகாத அரிசி, அவ்வளவே. நெல், அரிசி, சோறு என்று தமிழும், வட்லு, பிய்யம், அன்னம் என்று தெலுங்கும் மூன்றாகப் பிரித்ததை ஆங்கிலம் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால் இம்மயக்கம் கூடுகிறது. புழுங்கல் அரிசிக்கு வணிக ஆங்கிலத்தில் வழங்கும் ‘பார்பாயில்டு’ என்னும் சொல்லைக் கற்பிப்பதே இதற்கு வழி. வாரச் சந்தையைக் குறிக்கும் ‘ஷாண்டி’ என்னும் இந்திய ஆங்கிலச் சொல்லும், பிரிட்டனில் பீரையும் எலுமிச்சைப் பானத்தையும் கலந்த ஒரு பானத்துக்குப் பெயராக உள்ள சொல்லும் எழுத்தால் ஒன்றே.

திருமலை யாத்திரை இவ்வட்டாரத்துக்கென்றே தனி ஆங்கிலத்தை வளர்த்துள்ளது. முக்கியப் பிரமுகர்களுக்குரிய ‘பிரேக் தரிசனம்’ என்னும் தொடரில் ‘பிரேக்’ என்பது பொது வரிசையை இடைநிறுத்தி அளிக்கும் வாய்ப்பு என்பதை உள்ளூரார் அறிவர். ஆங்கில அகராதியை மட்டும் அறிந்தவர் அதைத் தரிசன இடைவேளை என்றே கொள்வார். ‘காட்டேஜ்’ ஆங்கிலத்தில் நாட்டுப்புறச் சிறுவீடு. திருமலையில் அது யாத்திரிகர் தங்கும் அறைகள் கொண்ட கட்டடம். இதற்கு மாறாக, முடி காணிக்கை செலுத்துமிடத்து ஆங்கில அறிவிப்புகளில் காணப்படும் ‘டான்ஷர்’, சமயக் காரணத்துக்காகத் தலை மழித்தலைக் குறிக்கும் செம்மையான ஆங்கிலச் சொல்லாகும்.

கல்வித்துறையில் மாநில எல்லையே சொல்லெல்லையாகிறது. தேர்வில் தோற்று நிலுவையில் நிற்கும் தாளை வேலூரின் பொறியியல் மாணவர் ‘அரியர்’ என்பார்; திருப்பதியின் மாணவர் ‘பேக்லாக்’ என்பார். ஆங்கிலத்தில் முன்னது செலுத்தப்படாத பணத்தையும் பின்னது முடிக்கப்படாமல் தேங்கிய வேலையையும் குறிப்பதால், இரண்டுமே பொருள் நீட்சி பெற்றவை. ‘பிட்’ என்பது ஆந்திரத்தில் ஒற்றை மதிப்பெண் சிறுவினா; தமிழ்நாட்டிலோ தேர்வறைக்குள் ஒளித்துக் கொண்டுசெல்லும் துண்டுச்சீட்டு. பிட்டுகளை நன்றாகப் பயின்றதாகச் சொல்லும் சித்தூர் மாணவரின் கூற்றை எல்லைக்கு இப்பால் இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சொற்பரப்பின் வேறுபாடு

இரண்டாம் வகை, ஒரு மொழியின் ஒரு சொல் தழுவும் பொருட்பரப்பை மற்றொரு மொழி பல சொற்களாகப் பங்கிடுவதால் எழுவது. தமிழின் ‘சொல்’, தெலுங்கின் ‘செப்பு’ ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘சே’, ‘டெல்’ என இரண்டு வினைகள் உள்ளன. முன்னது கேட்பவரை நேரடியாகச் செயப்படுபொருளாக ஏற்காது, பின்னது பெரும்பாலும் ஏற்றே வரும். இவ்விதி இருமொழியிலும் இல்லாததால் ‘சே மீ’, ‘டோல்டு டு மீ’ என்னும் பிழைகள் இரு மொழியினரிடமும் உள்ளன. தமிழின் ‘பார்’, தெலுங்கின் ‘சூடு’ என்னும் வினைகளின் பரப்பை ஆங்கிலம் ‘ஸீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்று கண்ணில் படுதல், நோக்குதல், தொடர்ந்து கவனித்தல் ஆகிய மூன்றாகப் பிரிக்கிறது. ‘கால்’, ‘காலு’ இரண்டும் தொடை முதல் விரல் வரை குறிப்பதால், பெரியவர் காலில் விழுந்து வணங்குவதைச் சொல்ல வந்தவர் பாதத்தைக் குறிக்கும் ‘ஃபீட்’ என்பதற்குப் பதிலாக ‘லெக்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்.

‘டவுட்’ என்னும் சொல் இவ்வகையில் கருத்தூன்றத் தக்கது. தமிழில் சந்தேகமும் தெலுங்கில் சந்தேகமும் புரியாமையையும் நம்பாமையையும் ஒருங்கே குறிப்பன. ஆங்கிலத்தில் அச்சொல் நம்பாமையின் பக்கமே சாய்வதால், வகுப்பில் விளக்கம் வேண்டி அதைப் பயன்படுத்தும் மாணவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பேராசிரியர்க்குத் தம் கூற்றை மறுப்பவராகத் தோன்றக்கூடும். கேள்வி என்று பொருள்படும் ‘கொஸ்டின்’ என்ற எளிய சொல்லே அங்குப் போதுமானது. ‘வாண்டட்லி’ என்பது இருமொழியினரும் சேர்ந்து ஆக்கிய சொல் எனலாம்: ‘வேண்டுமென்றே’ என்பதும் ‘காவாலனி’ என்பதும் வேண்டுதல் பொருளிலிருந்து பிறந்தமையால், வேண்டுதலைக் குறிக்கும் ஆங்கில வினையோடு ஒரு விகுதி சேர்ந்து இச்சொல் பிறந்தது. பொது ஆங்கிலத்தில் இதற்கு ‘டெலிபரேட்லி’, ‘பர்ப்பஸ்லி’ என்பனவே வழங்கும்.

உறவுப்பெயர்களில் காணப்படும் பிழை அறியாமையால் எழுவதன்று. துல்லியத்தின் தேவையால் எழுவது. பெரியப்பா, சித்தப்பா மகன் தமிழிலும் தெலுங்கிலும் உடன்பிறந்தானாகவே கருதப்படுபவன். மாமன் மகனோ மணவுறவுக்கு உரியவன். ஆங்கிலத்தின் ‘கசின்’ இவ்விருவரையும் ஒன்றாக்கிவிடுவதால் முன்னவனைப் பிரித்துக்காட்ட ‘கசின் பிரதர்’ தோன்றியது. தமிழின் சகலைக்கும் தெலுங்கின் தோடல்லுடுவுக்கும் ஆங்கிலத்தில் ஒற்றைச்சொல் இல்லாமையால் ‘கோ-பிரதர்’ தோன்றியது. இவ்வடிவங்கள் பிற நாட்டார்க்கு விளங்கா என்று அறிவுறுத்தலாம். பொருளற்றவை என்று நகையாடுதல் தகாது.

தொடரமைப்பின் அழுத்தம்

சொற்களைச் சரியாக அறிந்தவரும் அவற்றைத் தொடுக்கும் முறையில் தாய்மொழி வழியே செல்வதுண்டு. பிறர் கூற்றைத் தமிழ் ‘என்று’ என்பதாலும் தெலுங்கு ‘அனி’ என்பதாலும் இணைக்கும்போது, சொன்னவரின் தன்மையிடமும் காலமும் மாறாமலே நிற்கின்றன: ‘நான் நாளைக்கு வருகிறேன் என்று அவன் சொன்னான்’. இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், வருபவன் அவனா, செய்தியைச் சொல்பவரா என்பது தலைகீழாகிறது. ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என்னும் தொடர் ஆங்கிலத்தில் அயற்கூற்றாகும்போது வினாவமைப்பை இழக்க வேண்டும் என்பதும் இங்குத்தான் தவறவிடப்படுகிறது. பொருளையே மாற்றிவிடும் இப்பிழைக்குத் திருத்த நூல்கள் அளித்த இடத்தைவிடக் கூடுதல் இடம் அளிக்கப்பட வேண்டும்.

‘திருப்பதியில்தான் இருக்கிறேன்’ என்பதன் தேற்றப்பொருளைத் தமிழ் ‘தான்’ என்பதாலும் தெலுங்கு ஏகாரத்தாலும் உணர்த்த, வாக்கிய இறுதியில் ‘ஒன்லி’ சேர்க்கும் வழக்கம் பிறந்தது. ‘பற்றி விவாதித்தார்கள்’, ‘குரிஞ்சி சர்ச்சிஞ்சாரு’ என்னும் அமைப்புகளால் ‘டிஸ்கஸ்’ என்னும் வினையை அடுத்துத் தேவையற்ற ‘அபவுட்’ வருகிறது. சூடாகச் சூடாக, வேடி வேடி என்னும் அடுக்குகள் ‘ஹாட் ஹாட்’ ஆகின்றன. மதிப்புக்குரிய ஒருவரைப் பன்மையால் சுட்டும் மரபு, ஆசிரியை ஒருவரை ‘தே’ என்று பலராக்கிவிடுகிறது.

எல்லாப் பிழைகளும் இரு மொழிக்கும் பொதுவானவை அல்ல. தமிழில் எண்ணுப்பெயரை அடுத்த அஃறிணைப் பெயர் ‘ஐந்து மாம்பழம்’ என்று ஒருமையில் நிற்கலாம். தெலுங்கில் ‘ஐது மாமிடி பள்ளு’ என்று பன்மையே இயல்பு. ஆகவே ஆங்கிலப் பன்மை விகுதியை விட்டுவிடும் வாய்ப்பு தமிழ் மாணவர்க்கே மிகுதி. தெலுங்கு வினைமுற்று ஒருமையில் பெண்ணையும் அஃறிணையையும் வேறுபடுத்தாமல் ‘வச்சிந்தி’ என்று ஒரே வடிவில் முடிய, தமிழ் ‘வந்தாள்’, ‘வந்தது’ என்று பிரிக்கிறது. இவ்விடத்தில் ஆங்கிலச் சுட்டுப்பெயரில் தடுமாறும் வாய்ப்பு தெலுங்கு மாணவர்க்கே உண்டு.

தாய்மொழி மேல் பழி சுமத்த முடியாத பிழைகளும் உள. ‘ஐ ஆம் நோயிங்’ என்பதைத் தமிழின் தாக்கம் என்று கொள்வதற்கில்லை. அறிதல் பொருளில் ‘எனக்குத் தெரியும்’ என்பதற்குத் தொடர்நிகழ்கால வடிவமே தமிழில் இல்லை, தெலுங்கின் ‘தெலுசு’ என்பதற்கும் இல்லை. வகுப்பில் தொடர்நிகழ்கால விதியை மிகையாகப் பயின்ற மாணவர் அதைப் பொருந்தாத வினைக்கும் நீட்டுவதே இதன் காரணமாகலாம். லாடோவின் ஒப்பீட்டு முறை மட்டும் போதாது, கார்டரும் செலிங்கரும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

எழுத்து வழி வரும் மயக்கம்

ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பைத் தம் எழுத்தில் குறித்துக்கொள்ளும் மாணவர் வழக்கம், இரு எழுத்துமுறைகளின் வேறுபாட்டால் இருவேறு விளைவுகளைத் தருகிறது. தெலுங்கெழுத்து வல்லினத்தின் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாட்டைத் தனி எழுத்துகளால் காட்டும், தமிழெழுத்து காட்டாது. ஆகவே பை, முதுகு, பொட்டலம் கட்டுதல், அடுப்பில் வெதுப்புதல் ஆகிய நான்கு வேறு ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குறிப்பேட்டில் ‘பேக்’ என்ற ஒரே வடிவம் பெறுகின்றன. தெலுங்குக் குறிப்பேட்டில் அவற்றுள் பல வேறுபட்டு நிற்கும். சொல் முதலில் வரும் எகர ஏகாரங்களுக்கு முன் யகரமும் ஒகர ஓகாரங்களுக்கு முன் வகரமும் சேர்த்து ஒலிக்கும் இயல்பு மட்டும் இருவர்க்கும் பொது.

பிழையும் வழக்கும்

மேற்கூறியவற்றிலிருந்து வேறாக, பிழை என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட இந்திய வழக்குகளும் உள. ஒரு நிகழ்ச்சியை முன்னதாக நடத்தும்படி மாற்றுதலைக் குறிக்கும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே இடம்பெற்றுள்ளது. லட்சம், கோடி, கத்திரிக்காயைக் குறிக்கும் ‘பிரிஞ்ஜால்’ ஆகியன இந்திய ஆங்கிலத்தின் இயல்பான சொற்கள். ‘டூ த நீட்ஃபுல்’ பழைய பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலத்தின் எச்சம்; ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ அதிகாரிகள் தம் பணியிடத்தை ‘ஸ்டேஷன்’ என்று வழங்கிய காலத்தின் எச்சம். இந்தியர்க்குள் எழுதும் கடிதத்தில் இவற்றைத் திருத்த வேண்டிய தேவை இல்லை. ஆனால், சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் இயங்கும் ஜப்பானிய நிறுவனங்களுக்கு எழுதுபவரும், மாம்பழக்கூழை அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் சித்தூர் வணிகரும், இச்சொற்கள் அங்கே விளங்குமா என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

கற்பித்தலுக்கான முடிவுகள்

என். எஸ். பிரபு தலைமையில் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடைபெற்ற பெங்களூர்த் திட்டம், இலக்கணத்தை முன்வைக்காமல், பொருளை மையமாகக் கொண்ட செயல்களில் மாணவரை ஈடுபடுத்தினால் மொழி வளரும் என்ற கருத்தைச் சோதித்தது. அப்பயிற்சி சரளத்துக்குத் துணைசெய்யும். ஆனால் வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அப்பிழையால் உரையாடல் தடைப்படுவதே இல்லை. ‘வாண்டட்லி’ என்பதைத் திருப்பதியில் அனைவரும் புரிந்துகொள்வதால், புரிதலே அதைத் திருத்திவிடாது. எனவே பொதுப் பிழைகளை ஆசிரியர் வெளிப்படையாக எடுத்துக்காட்டியே தீர வேண்டும்.

அவ்வாறு காட்டும்போது வகைக்கேற்ப முறை மாற வேண்டும். கடன்சொற்களுக்கு உள்ளூர்ப் பொருளையும் பொது ஆங்கிலப் பொருளையும் இருபத்தியில் எழுதிக் காட்டலாம். சொற்பரப்பு வேறுபாட்டுக்குத் தனிச்சொல்லை விட்டு முழுத்தொடர்களைப் பயிற்றலாம். தொடரமைப்புக்குத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றையும் ஒரே பலகையில் நிறுத்தி ஒப்பிடலாம். ஒலிப்புக்குத் தாய்மொழி எழுத்தை விட்டு அகராதியின் ஒலிக்குறிகளைப் பழக்கலாம். இந்திய வழக்குகளுக்கு இடமறிந்து பயன்படுத்தும் தேர்ச்சியை ஊட்டலாம். இவ்வனைத்தையும் செய்யத் தகுதி பெற்றவர் மாணவரின் வீட்டுமொழியையும் பள்ளிமொழியையும் அறிந்த ஆசிரியரே; வகுப்பறையில் அவ்விரு மொழிகளையும் விலக்கிவைக்கும் ஆங்கில வழிப் பள்ளிகள் அவருடைய தலைசிறந்த கருவியையே பறித்துவிடுகின்றன.

இந்தியா முழுமைக்கும் பொதுவாக அச்சிடப்படும் பிழைத்திருத்த நூல்களால் நகரியிலோ குப்பத்திலோ பயிலும் ஒரு மாணவரின் பிழையை முழுமையாக விளக்க இயலாது. இருமொழி எல்லைப் பகுதிக்கென்று, தமிழையும் தெலுங்கையும் ஆங்கிலத்தோடு ஒப்பிடும் பயிற்சிநூல் ஒன்று இவ்வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களின் மேற்பார்வையில், பள்ளி ஆசிரியர்களின் துணையுடன் ஆக்கப்பட வேண்டும். திராவிட மொழிகளின் ஒப்பாய்வுக்கென்றே அமைந்த பல்கலைக்கழகம் குப்பத்தில் இருக்கையில் அப்பணி இன்னும் தள்ளிப்போகலாகாது.